மல்லிக்கு உப்பு ஆகாது

உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற செம்பருத்திக்கு மாவுப்பூச்சி பிடித்திருக்கிறது, கண்ணு. உள்ளே வரும்போதே பார்த்தேன். மொட்டுக்குக் கீழே பஞ்சு ஒட்டினதுபோல் வெள்ளையாக இருக்கிறதே, அதுதான். மருந்து ஒன்றும் வாங்க வேண்டாம். துணி சோப்பைத் தண்ணீரில் கரைத்து, நாலு சொட்டு வேப்பெண்ணெய் விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் செய்யவேண்டும். மறுபடியும் பூ விட ஆரம்பித்துவிடும்.

இதை எழுத வேண்டாம். எழுதவேண்டியதை நானே சொல்கிறேன். எனக்குப் பேச்சு இப்படித்தான் செடியில் தொடங்கி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பார்த்தால் என் மகள் வயசுதான் இருக்கும். கை வலித்தால் நிறுத்திவிட்டு எழுதுங்கள். எனக்கு அவசரம் இல்லை. வீட்டில் காத்திருப்பவர்கள் யாரும் இல்லை.

என் பெயர் பார்வதம். திருமுல்லைவாயிலில், ஆவடி சர்க்கார் ஃபேக்டரிக்காரர்கள் மனை வாங்கிப் போட்ட பகுதியில் என் வீடு. என் வீட்டுக்காரர் தங்கவேல் அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்தார். ரிட்டயர் ஆகி, வீட்டைக் கட்டி, மேல்பூச்சு காய்வதற்குள் போய்விட்டார். மகள் ஓசூரில் இருக்கிறாள். பொங்கலுக்கு வருவாள்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், பின்னால் தேவைப்படும். நல்ல மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். பேசினால் கரண்டைப் பற்றித்தான் பேசுவார், அதுவும் என்னிடம் அல்ல. கையில் இருக்கிற சாமானிடம். "இங்க லீக் ஆவுது, இத எர்த் இழுக்குது, எர்த் இல்லன்னா ஆளை இழுக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வேலை செய்வார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன். அத்தனை வருஷமும் என்னிடம் "இதுக்கு என்ன பண்ணலாம்?" என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் மட்டும் இல்லை. என் அப்பா கேட்டதில்லை, மகளும் கேட்டதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. என்னைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வசந்தாதான் முதலில் கேட்டாள்.

பக்கத்து மனையில் வீடு கட்டிக் குடிவந்தவள். புருஷன் கஜபதி. அந்த ஊரிலேயே பழைய விவசாயக் குடும்பம். நிலம் போன பிறகு ஃபேக்டரியில் சேர்ந்தவர். குழந்தை இல்லை. வந்த வாரமே காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தலை தெரிந்தது.

"யக்கா, இந்தக் கர்வேப்பில வெச்சதுலேர்ந்து அப்டியே கீது, வளரவே மாட்டேங்குது. இதுக்கு இன்னா பண்றது?"

புளித்த மோரை ஊற்றச் சொன்னேன். ஊற்றினாள். துளிர்த்தது. ஒரு கொத்தைக் கிள்ளிக்கொண்டு வந்து சுவரின்மேல் வைத்து, "யக்கா, கைராசிக்காரி நீ" என்றாள். கண்ணு, அன்றைக்கு நான் சாதம் வைக்க மறந்துவிட்டேன். கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

அப்புறம் தினமும் பேச்சுத்தான். ரோஜாவுக்கு டீத்தூள், பப்பாளி ஆணா பெண்ணா, மழைக்கு ஊறிப்போன கதவை எந்தப் பக்கம் இழைப்பது. குழாய் சொட்டினால் கடைக்கு ஓடவேண்டாம், தேய்ந்த ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி வாஷராகப் போடு என்றேன். மறுநாள் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றாள்.

"அந்தாளு தேஞ்சதுன்னு நெனச்சி நல்ல செருப்ப வெட்டிட்டாருக்கா. இப்ப கொழா சொட்டல. அவுருதான் வெறுங்கால்ல சுத்தறாரு."

எனக்குச் சிரிப்பு வந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நான் குள்ளம். எட்டிப் பேசினால் கழுத்து வலிக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கஜபதி வந்து, என் பக்கத்தில் செங்கல் அடுக்கி, மேலே சிமென்டு பூசி ஒரு படி கட்டிக்கொடுத்தார். "யக்கா, இது உன் சீட்டு. ஷிஃப்ட்டு முடிஞ்சாலும் எறங்க மாட்டே, ஓவர்டைம் போட்டுக் குடுத்துடலாமா?" என்பார். கேலிதான், மனசில் ஒன்றும் இருக்காது. அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். குடிப்பவர் இல்லை, அவளை அடிப்பவர் இல்லை. அவர் கட்டிய படி இன்னும் ஒரு கீறல் விடவில்லை.

தொண்ணூற்று மூன்று தை மாதம், மல்லிக்கு இலை உருவிவிடும் சமயத்தில், அவருக்குப் பதவி உயர்வு வந்தது. ஐதராபாத் பக்கம் ஒரு ஃபேக்டரிக்கு மாற்றல். கோடை முடிந்ததும் போகவேண்டும். வீட்டை விற்றுவிடலாம் என்று இருந்தார்கள்.

வசந்தா அழுதாள். "அங்க தெலுங்குல பேசுவாங்களாமேக்கா. செடிக்கு ஒண்ணுன்னா யாரப் போய்க் கேப்பேன்?" என்றாள். அவளுக்குப் போக மனசில்லை, கண்ணு. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து, அங்கே குவார்ட்டர்ஸில் தோட்டம் பெரிசாமே என்று சொன்னாள்தான். அது மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. முதலில் நல்ல வழியாகத்தான் பார்த்தேன். மாற்றல் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கச் சொல்லு என்றேன். கஜபதி கேட்டுவிட்டு, "யக்கா, செவுத்தோரம் பேசறதுக்கு ஆள் வேணும்னு எழுதிக் குடுக்கட்டுமா? ஜி.எம்மு சிரிச்சே செத்துருவாரு" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டை வாங்குகிறேன் என்று வந்த ஒருவரிடம், மழைக்காலத்தில் இங்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் போனார், வேறொருவர் வந்தார். என்னால் வேறென்ன முடியும்? அறுபதை நெருங்குகிற பொம்பளை. சர்க்கார் ஒரு ஆளைப் போ என்றால் போகத்தானே போகிறார்.

எங்கள் தெருமுனையில் நாகம்மா என்று ஒருத்தி. அவள் புருஷன் வேலையில் இருக்கும்போதே நெஞ்சுவலியில் போய்விட்டார். ஃபேக்டரியில் கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். காலையில் டிபன் டப்பாவோடு போவாள். வீடும் அப்படியே, வேலையும் இங்கேயே. எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆள் சர்வீஸில் இருக்கும்போது போனால், சம்சாரத்துக்கு அதே ஃபேக்டரியில் வேலை. ஒருநாள் நாகம்மா போவதைப் பார்த்துக்கொண்டு வாசல் தெளித்தேன். கஜபதியை இங்கிருந்து விடுவிப்பதற்கு முன்னால் என்றால் ஆவடியில் வேலை, அங்கே போய்ச் சேர்ந்த பிறகு என்றால் அந்த ஊரில் வேலை என்று தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய் உலை வைத்தேன்.

இப்போது மோட்டாரைச் சொல்லவேண்டும்.

வசந்தா வீட்டுப் பின்பக்கம் கிணறு. கிணற்று மேடையில் மோட்டார். அதிலிருந்து ஒரு பச்சை வயர் போகும், அதுதான் எர்த். தரையில் குழி தோண்டி, இரும்புக் குழாயை நட்டு, கரியும் கல்லுப்பும் கொட்டி மூடியிருப்பார்கள். மோட்டார் உடம்பில் கரண்டு கசிந்தால், ஆள்மேல் பாயாமல் அந்த வயர் வழியாக மண்ணுக்குள் போய்விடும். குழி காயக்கூடாது. கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

மாசி மாதம் சுலைமான் வந்து மோட்டாரைப் பார்த்தான். எங்கள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அவன்தான் வேலை செய்வான். என் வீட்டுக்காரரிடம் தொழில் கற்றவன். கஜபதி அவன் பக்கத்தில் இருந்தார். நான் படிமேல் நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணாத்தே, வைண்டிங் போச்சு. பாடில லீக்கேஜ் கீது. எர்த் நல்லா கீறதால ஒண்ணும் தெர்ல. கயட்டிக் குடு, வைண்டிங் கட்டிக்கினு வந்துடறேன்."

"வூட்ட விக்கப் போறேன், இதுக்குப் போயி இன்னாத்துக்குச் செலவு? வாங்கறவன் பாத்துக்கட்டும்பா."

"அப்ப பள்ளத்துல தண்ணி ஊத்திகினே இரு. எர்த்த மட்டும் நம்பிக்கினு கீறே, பாத்துக்கோ."

சொன்னது எல்லாம் என் காதில் விழுந்தது. சுலைமான் வேலையில் ஒரு குறையும் இல்லை. வயரை இழுத்துப் பார்த்து, முறுக்கிவிட்டுத்தான் போனான். நான் பார்த்தேன். இன்றைக்கு நான் வந்திருப்பதே அவனுக்காகத்தான்.

வசந்தா மோட்டார் பக்கமே போகமாட்டாள். பயம். "நீ தொடறதுண்டா?" என்று பேச்சுவாக்கில் பல தரம் கேட்டேன். "ஐயோ, அத்தப் பாத்தாலே எனுக்கு ஒதறும்க்கா. எல்லாம் அவுருதான்" என்றாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

இதற்கு நடுவில் மல்லி. நான் பதியன் போட்டுக் கொடுத்த குண்டுமல்லி. இடம் பார்க்காமல் அந்த எர்த் குழிக்குப் பக்கத்திலேயே நட்டுவிட்டாள். இலை ஓரமெல்லாம் கருகி வந்தது.

"யக்கா, தண்ணி ஊத்த ஊத்தக் காயுதே, இன்னாக்கா இது?"

"உப்பு, வசந்தா. குழியில ஊத்துற தண்ணி உப்பைக் கரைச்சுக்கிட்டு வேருக்குப் போகுது. மல்லிக்கு உப்பு ஆகாது. அந்தக் குழியில தண்ணி ஊத்துறத நிறுத்து."

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. தோட்டக்காரன் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள், அதைத்தான் சொல்வான். அவள் நிறுத்தினாள். நான் சொன்னால் செய்வாள். பங்குனி வெயிலில் குழி வெடிப்பு விட்டது.

சித்திரையில் திருவள்ளூரில் ஒரு கல்யாணம். இரண்டு பேரும் போனார்கள். "செடிக்குத் தண்ணி காட்டுக்கா" என்று பின்வாசல் கேட் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். மல்லிக்கு மண் மாற்றவேண்டும் என்றுதான் போனேன். அந்தக் குழியைத் தோண்டி, உப்பையும் கரியையும் கோணியில் அள்ளிக் கால்வாயில் கொட்டினேன். செம்மண்ணும் மக்கின எருவும் போட்டு நிரப்பினேன். இரும்புக் குழாயில் பச்சை வயரை இறுக்கியிருந்த நட்டு, வேருக்கு இடைஞ்சலாக இருந்தது. என் வீட்டுக்காரருடைய ஸ்பேனர் என் இடுப்பில் இருந்தது. மண் மாற்ற ஸ்பேனர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே எடுத்துச் செருகியிருந்தேன். வயரைக் கழற்றி, குழாயைத் தொடாதபடி ஒதுக்கி, முனை மண்ணுக்குள் போவதுபோலவே புதைத்து வைத்தேன். மேலே தண்ணீர் தெளித்து, காய்ந்த இலையைப் பரப்பினேன். பார்ப்பதற்குச் சுத்தமாக இருந்தது. என் வாழ்நாளில் டார்ச் பிடிக்காமல் என் கையாலேயே செய்த ஒரே கரண்டு வேலை அது.

சாயங்காலம் வந்தார்கள். வசந்தா தாம்பூலப் பையைச் சுவர்மேல் வைத்துவிட்டு, "மல்லிக்கு மண்ணு மாத்திட்டியாக்கா? சாமி மாதிரி நீ" என்றாள். மறுநாள் காலையில் நான் சீக்கிரமே படியில் ஏறி நின்றேன். வேண்டுமென்று அல்ல, தூக்கம் வரவில்லை.

கஜபதி குளித்த ஈரத்தோடு வந்தார். கிணற்று மேடையெல்லாம் தண்ணீர். அவருக்கு ஒரு பழக்கம். ஸ்விட்சைப் போட்டுவிட்டு, தண்ணீர் ஏறுகிறதா என்று மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா யக்கா, காலங்காத்தாலயே டூட்டிக்கு வந்துட்டே? ஊட்டுக்காரி இன்னும் எய்ந்திரிக்கவே இல்ல."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை, கண்ணு. யாராவது கேட்டால்தான் எனக்குச் சொல்ல வரும். அவர் ஸ்விட்சைப் போட்டார். கையை வைத்தார்.

அதற்குமேல் உங்கள் ஃபைலிலேயே இருக்கும். நானும்தான் ஓடினேன். மெயினை அணைத்தது நான்தான். ஈரத்தில் கால் வைக்காமல் கட்டையால் அவரைத் தள்ளிவிட்டதும் நான்தான். வசந்தா என் மடியில்தான் மயங்கி விழுந்தாள். அவள் முகத்தில் தண்ணீர் தெளித்ததும் நான்தான். நடிப்பு இல்லை.

போலீஸ் வந்தது. எர்த் வயர் கழன்றிருப்பதைப் பார்த்தார்கள். கடைசியாக மோட்டாரைத் தொட்டது யார் என்று விசாரித்தார்கள். சுலைமான் என்று வசந்தா சொன்னாள். பாவம், அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். எதிர்வீடு வரை எல்லோரையும் விசாரித்தார்கள். என்னிடம் கேட்டது குடிக்கத் தண்ணீர் மட்டும்தான். பானைத் தண்ணீராகக் கொடுத்தேன்.

சுலைமான்மேல் கேஸ் போட்டார்கள். கவனக்குறைவு என்று. ஜாமீனில் வந்தான். அதன்பிறகு அவனை ஒரு வீட்டிலும் ஃபியூஸ் போடக்கூடக் கூப்பிடவில்லை. பட்டாபிராமில் லாரியில் மூட்டை ஏற்றுகிறான். போன மாதம் கடைத்தெருவில் பார்த்தேன். "அம்மா, நா அந்த நட்ட முறுக்கினேம்மா. கை இன்னும் ஞாபகம் வெச்சிகினு கீது. எப்டிம்மா கயண்டுச்சு?" என்று என்னைக் கேட்டான். அவன் கேட்டான், ஆனால் அது நடுத்தெரு. ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அவனுக்கு இரண்டு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வசந்தாவுக்கு வேலை கிடைத்தது. நான் நினைத்தபடியே, இங்கேயே. அதில் ஒரு தப்பும் ஆகவில்லை. நான் தப்பாகப் போட்ட கணக்கு வேறு. வேலைக்குப் போகிறவள் காலையில் இருட்டோடு போய்விடுவாள் என்பதும், வந்தால் படுத்துவிடுவாள் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. நாகம்மா போவதைத்தான் தினமும் பார்த்தேனே தவிர, அவள் யாரோடும் நின்று பேசுவதில்லை என்பதைப் பார்க்கவில்லை. வசந்தா பின்கதவைத் திறப்பதையே விட்டுவிட்டாள். கிணற்றைப் பார்க்க முடியவில்லையாம். கறிவேப்பிலை காய்ந்தது. ரோஜா காய்ந்தது. மல்லி மட்டும் செழித்துவிட்டது. அந்தக் குழி மண்ணில் வேர் இறங்கி, இந்த வருஷம் அப்படிப் பூத்தது, பறிக்க ஆள் இல்லாமல் உதிர்ந்தது. நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். வாசலில் போகும்போது, "வசந்தா, மல்லி பூத்திருக்கு பாரு" என்று ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னேன். "நீயே பறிச்சிக்கோக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டாள். சொல்லிக்கொண்டு போக வந்தாள். "வரேன்க்கா" என்றாள். அவ்வளவுதான். குழாய் சொட்டுகிறதா, அங்கே மண் எப்படி, ஒன்றும் கேட்கவில்லை.

அதனால் வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். சுலைமானுக்காக வந்தேன் என்று எழுதுங்கள். அடுத்த மாதம் அவன் கேஸ் கோர்ட்டுக்கு வருகிறதாம். வசந்தாதான் சாட்சி. ஒரு பாவமும் அறியாதவன்மேல் அவள் வாயால் பழி விழக்கூடாது, அது அவளுக்கும் நல்லதில்லை. கஜபதியைக் கொன்றது நான். தெரிந்து, யோசித்து, நாள் பார்த்துச் செய்தேன். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள். போடத் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கண்ணு. இனிமேல் இது என் கேஸ் ஆகிவிடும் இல்லையா? அப்போதும் வசந்தாதானே சாட்சி? நான் கோர்ட்டுப் பக்கம் போனதே இல்லை. சாட்சி நிற்கிற கூண்டும் நான் நிற்கிற கூண்டும் எதிரெதிரே இருக்கும் என்கிறார்கள். நாங்கள் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று பேசின தூரம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உயரம் எப்படி? நான் குள்ளம், ஏறி நிற்க ஏதாவது போடுவார்களா? அவள் என்னைப் பார்த்துத்தானே பேசவேண்டும். அத்தனை பேர் நடுவில் "இன்னாக்கா இப்டி பண்ட்டே? ஏன்க்கா?" என்று அவள் என்னைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கேட்கட்டும். அவளுக்குப் புரிகிறமாதிரி, நிதானமாக எடுத்துச் சொல்வேன்.